பச்சைக் குழந்தையின் முதுகில் ஓர் அடுப்பு

எங்கள் ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி, ஏற்காடு மலையின் அடிவாரம். மார்கழி விடியற்காலையில் மலைக்காற்று இறங்கினால் பற்கள் தந்தியடிக்கும். சென்ற மார்கழியில் என் சித்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. எடை இரண்டு கிலோவுக்குச் சற்றே அதிகம். நாங்கள் போர்வைக்குள் நடுங்க, அவன் மட்டும் நடுங்கவே இல்லை. "பிள்ளைக்குக் குளிரே தெரியல பாரு" என்று பாட்டி மகிழ்ந்தார்கள். எனக்கு ஐயம் எழுந்தது. அறிவியல் சிஸ்டரிடம் கேட்டும், படித்தும் அறிந்ததைத் தோழியருக்குச் சொல்கிறேன்.

பிறந்த குழந்தையால் நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள முடியாது. அதற்குப் பதிலாக அதன் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. வெள்ளைக் கொழுப்பு சேமிப்புக் குதிர் என்றால், இது அடுப்பு. சூரிச் நகரத்து கான்ராட் கெஸ்னர் 1551-ஆம் ஆண்டிலேயே மர்மோட் என்னும் மலைப்பிராணியிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். அதன் இனத்தைச் சேர்ந்த இமாலய மர்மோட் நம் லடாக்கில் வாழ்கிறது. குளிர்காலம் முழுவதும் வளைக்குள் உறங்குகிறது. இராணுவத்தில் இருக்கும் என் மாமா அதை நேரில் பார்த்திருக்கிறார். பூனையைவிடப் பெரியதாம்!

அடுப்பு இருந்தால் மட்டும் போதுமா? விறகு வேண்டும், காற்று வேண்டும், காய்ந்த வெந்நீரைச் சுமந்து போகவும் ஆள் வேண்டும். இம்மூன்று வேலையையும் செய்வது இரத்தம். குளிர் பட்டதும் மூளை நரம்பு வழியாக ஆணையிடுகிறது. நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் சுரக்கிறது. கொழுப்பு எரிகிறது, அங்குள்ள இரத்த நாளங்கள் விரிகின்றன. இது சில நிமிடங்களில் நடந்துவிடும்.

குளிர் நாட்கணக்கில் நீடித்தால்தான் வியப்பு. இருக்கிற நாளங்கள் போதாமல் புதிய தந்துகிகள் கிளைவிடுகின்றன. பிராணவாயு குறைவதால்தான் இவை முளைக்கின்றன என்று நினைக்கத் தோன்றும். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்தில் 2009-இல் வெளியான ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. குளிரில் வைத்த எலிகளில், பிராணவாயுக் குறைவு ஏற்படாதவற்றிலும் நாளங்கள் வளர்ந்தன. அந்த வளர்ச்சிக்கான சமிக்ஞையை மருந்தால் தடுத்தபோது வெப்பம் உண்டாக்கும் திறனும் குன்றியது. குழாய் இல்லாமல் அடுப்பு இல்லை!

மனிதரும் பழகுகிறார்கள். ஹாலந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 17 பேரைப் பத்து நாட்கள், தினமும் ஆறு மணி நேரம் வரை, 15, 16 டிகிரி குளிரில் இருக்கச் செய்தார்கள். அவர்களுடைய பழுப்புக் கொழுப்பு முன்னைவிட மும்முரமாக வேலை செய்தது, நடுக்கமும் குறைந்தது. அம்முடிவு 2013-இல் வெளிவந்தது.

ஆனால் இதற்கெல்லாம் நாட்கள் வேண்டும். பிறந்த குழந்தைக்கு அந்த அவகாசம் ஏது? எடை குறைந்த குழந்தைக்கு அடுப்பும் சிறியது, விறகும் கொஞ்சம். எரித்துத் தீர்த்துவிட்டால் உடல் சில்லிட்டுப்போகும். ஆகவே முதல் குளியலை ஒரு நாளாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையும் இதற்காகத்தான். 1970-களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கியது அது.

பாட்டியோ எண்ணெயும் வெந்நீரும் தயாராக வைத்திருந்தார்கள்! ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதைச் சித்தி சொல்லியும் கேட்கவில்லை. நான் நடுங்காததன் காரணத்தை விளக்கியதும்தான் தவலையை இறக்கினார்கள். சித்தி தூங்கிய பொழுதெல்லாம் பாட்டியே அவனை மார்பில் அணைத்து, புடவையால் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை, "எனக்குத்தான்டி வேர்க்குது" என்றார்கள்.