அலாரச் சத்தத்துக்கு நடுவே ஒரு களப்பு

அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் விளக்கு அணைவதில்லை. கருவிகள் மாறிமாறிக் கூவுகின்றன. தொண்டையில் குழாய் இருந்தால் வாய்திறந்து ஒன்றும் கேட்கவும் முடியாது. இரவு பகல் தெரியாமல் கிடக்கும் நோயாளிகளில் பலர் இடமும் நேரமும் மறந்து பிதற்றத் தொடங்குகிறார்கள். வைத்தியர்கள் இதை டெலிரியம் என்பார்கள். சில மயக்க மருந்துகள் இதை இன்னும் மோசமாக்கும். அதனால்தான் மருந்தில்லாமல் மனதை ஆற்றும் வழிகளைத் தேடுகிறார்கள். தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர்க் (VR) கண்ணாடி அவற்றில் ஒன்று.

அது இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டுவதால் காட்சிக்கு ஆழம் வருகிறது. தலை திரும்புவதை உணரிகள் கண்டறிய, காட்சியும் உடனே திரும்புகிறது. பல கருவிகள் நொடிக்கு 90 படங்கள் காட்டுகின்றன. காட்சி திரும்பத் தாமதித்தால் குமட்டும்.

1996இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆய்வாளர்கள் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காய நோயாளிகளின் வலியை மெய்நிகர்க் காட்சியால் தணிக்கும் வேலையைத் தொடங்கினார்கள். பிறகு ஹாஃப்மன் உருவாக்கிய 'ஸ்னோவேர்ல்ட்' விளையாட்டில், தாதி காயத்தைச் சுத்தம் செய்யும்போது நோயாளி பனிப்பள்ளத்தாக்கில் பனியுருண்டை எறிந்துகொண்டிருப்பார். கவனம் அங்கே போய்விடுவதால் வலிக்கு மூளை ஒதுக்கும் இடம் சுருங்குகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் கை இழந்தவர்களின் 'இல்லாத கை' வலியை வெறும் முகம்பார்க்கும் கண்ணாடி வைத்த பெட்டியால் தணித்துக் காட்டியதும் இங்கே நினைக்கத்தக்கது. கண் காண்பதை உடல் அவ்வளவு நம்புகிறது.

அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் அவசரம் கூடாது. முதலில் சில நிமிடங்கள் மட்டும் காட்டித் தொடங்கவேண்டும். மல்லாந்து படுத்தவருக்குக் காட்சி கூரைப் பக்கமாக விரியவேண்டும். தொற்று பரவாமல் ஒவ்வொரு முறையும் உறை மாற்றித் துடைக்கவேண்டும். வலிப்பு உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே குழப்பத்தில் தவிப்பவர்களுக்கும் இது ஏற்றதல்ல. புளோரிடா பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கண்ணாடி அணிந்த அதிதீவிர சிகிச்சை நோயாளிகளின் பதற்றம் குறைந்தது. தூக்கத்திலும் வலியிலும் அத்தனை தெளிவான பலன் தெரியவில்லை.

என்ன காட்டுவது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்த அறுவைசிகிச்சை நோயாளிகள் வெறும் சுவரைப் பார்த்தவர்களைவிட விரைவாக வீடு திரும்பியதை ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். இலங்கையின் புத்தளம் பக்கத்துக் கரைத்தீவுக் கடற்றொழிலாளிக்கு அந்த மரம் கண்டலாகத்தான் இருக்கவேண்டும். ஆல்ப்ஸ் மலையை அவர் எங்கே கண்டார்? கலா ஓயா ஆறு புத்தளம் களப்பில் கலக்கும் இடத்துக் கண்டல் காட்டை, விடியற்காலையில், பறவைச் சத்தத்தோடு ஒரு 360 பாகைக் கமராவில் எடுத்துவிடலாம். பெரிய செலவில்லை. ஆனால் கமராவைத் தோணியில் வைக்கக் கூடாது. கட்டிலில் அசையாமல் கிடப்பவரின் கண்ணில் அலையாட்டம் பட்டால் குமட்டல் வரும். சேற்றில் ஊன்றிய கம்பில் இறுகக் கட்டி எடுக்கவேண்டும்.