மூன்று முறை திரும்பிப் போகக்கூடிய கடை

புதுக் கண்ணாடி வந்த மூன்றாம் நாள் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கிற கோழி மாதிரி வரிக்கு வரி மோவாயைத் தூக்கினார். “என்ன சித்தப்பா, கழுத்து வலியா?” என்றேன். “கழுத்து நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு. பதினாலாயிரம் குடுத்து வலியை வாங்கியிருக்கேன்” என்றார்.

அது புரோகிரசிவ் கண்ணாடி. நடுவில் கோடு தெரியாது, தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரியும். ஒரு கல்யாணத்துக்குப் போன வெளியூரில், பெரிய கடை ஒன்றில் ஆர்டர் கொடுத்துவிட்டு, அரியலூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் செந்துறைக்குத் திரும்பிவிட்டார். கண்ணாடி கூரியரில் வந்தது. தொல்லை தொடங்கியது அங்கேதான்.

நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வளைந்து கொடுக்காது. வெள்ளெழுத்து என்போம். பழைய ஆட்கள் சாளேசுரம் என்பார்கள். இந்துஸ்தானியில் நாற்பதைக் குறிக்கும் ‘சாலீஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது அது. குறையின் பெயரிலேயே வயதை எழுதி வைத்துவிட்டார்கள். இதற்காக மேலே தூரம், கீழே கிட்டம் என்று இரட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டதை பெஞ்சமின் பிராங்க்ளின் 1784-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நம் ஊர்க் கடைகளில் இன்றும் கிடைக்கிற பைஃபோகல் அந்த வம்சம்தான். அதில் கிட்டத்தில் பார்க்க வட்டமாக ஒரு துண்டு வருவதற்கு, கடைக்காரர்கள் ‘கே.டி.’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்பவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். கிரிப்டாக் என்பதன் சுருக்கம், வேறொன்றுமில்லை. கோடே இல்லாத லென்ஸை பிரான்சில் பெர்னார்ட் மெய்த்தனாஸ் உருவாக்கினார். 1959-இல் வேரிலக்ஸ் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது.

புரோகிரசிவ் லென்ஸை வயல் நடுவில் போகிற ஒற்றையடிப் பாதையாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் தூரத்துக்கான அகலமான களம். அங்கிருந்து மூக்கோரமாகக் கீழே இறங்குகிற ஒடுக்கமான பாதையில் பவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். அடியில் படிப்பதற்கான சின்னக் களம். பாதைக்கு இரண்டு பக்கமும் சேறு, அதாவது கலங்கல். இது தயாரிப்புக் குறை இல்லை, கணக்கு. பாதையில் பவர் ஏறும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் கலங்கல் ஏறும் என்று 1963-இல் மிங்க்விட்ஸ் என்ற ஜெர்மானியர் காட்டினார். ஐம்பதாயிரம் ரூபாய் லென்ஸ் அந்தச் சேற்றை ஒதுக்கித் தள்ளி, பரப்பி, பாதையைக் கொஞ்சம் அகலமாக்கலாம். வற்ற வைக்க முடியாது. “ஓரத்துல கூட பளிச்சுனு தெரியும் சார்” என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அவர் சொல்லும் மற்றதையும் அதே அளவுக்கு நம்புங்கள்.

பாதை அவ்வளவு ஒடுக்கம் என்பதால், அது உங்கள் கருவிழிக்கு நேராக வந்து உட்கார வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் கால் சேற்றில்தான். ஆகவே புரோகிரசிவ் வாங்குகிறவர் லென்ஸை விட அளவைத்தான் வாங்குகிறார். பலர் பிராண்டு பெயருக்குப் பேரம் பேசிவிட்டு, அளவெடுப்பதை இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

சித்தப்பாவை அரியலூரில் ஒரு சிறிய கடைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பையன் கண்ணாடியை வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து, லென்ஸ் மேல் ஹா என்று ஊதினான். ஆவி படிந்து மறைவதற்குள், கடுகை விடச் சின்னதாக இரண்டு வட்டங்கள் தெரிந்தன. எல்லா புரோகிரசிவ் லென்ஸிலும் இப்படி இரண்டு குறிகள் இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி 34 மில்லிமீட்டர். காதுப் பக்கத்து வட்டத்தின் கீழே, படிப்பதற்குக் கூட்டிய பவர் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். மூக்குப் பக்கத்தில் லென்ஸின் அடையாளம். லென்ஸ் உண்மையிலேயே கேட்டதுதானா என்பதை வீட்டிலேயே இப்படிப் பார்த்துவிடலாம்.

பிறகு லென்ஸ் கம்பெனியின் அளவு அட்டைமேல் கண்ணாடியை வைத்து, மார்க்கர் பேனாவால் ஒரு சிலுவைக் குறி போட்டான். சித்தப்பாவை மாட்டச் சொல்லி, “வாசலுக்கு அந்தப் பக்கம் போற பஸ்ஸைப் பாருங்க ஐயா” என்றான். சிலுவை கருவிழி மேல் விழ வேண்டும். அது நாலு மில்லிமீட்டர் கீழே தொங்கியது. படிக்கும் களமும் அதே அளவு கீழே போய்விட்டதால்தான் அவர் மோவாயைத் தூக்கினார். இன்னொன்றும் தெரிந்தது. பில்லில் கண்களுக்கு இடையிலான தூரம் 64 என்று ஒரே எண்ணாக இருந்தது. பையன் மூக்குத் தண்டிலிருந்து தனித்தனியாக அளந்தபோது வலது 31, இடது 33 வந்தது. முகத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தால் யாருக்கும் இரண்டு பாதியும் சமமாக இருப்பதில்லை.

ஆர்டர் கொடுத்த கடைக்கு போன் போட்டோம். “பழகிடும் சார், ஒரு மாசம் போடுங்க” என்றார்கள். பழகுவது உண்மைதான். முதல் ஒன்றிரண்டு வாரம் தரை மிதக்கிற மாதிரி இருக்கும். பார்க்கிற பக்கம் கண்ணை மட்டும் ஓட்டாமல் மூக்கையும் திருப்பினால் சரியாகிவிடும். பழைய கண்ணாடிக்கு மாறி மாறிப் போனால் நாள் கூடும். ஆனால் தப்பாக எடுத்த அளவு எந்த மாதத்திலும் பழகாது.

ஆகவே செந்துறைக்காரர்களுக்கு என் கணக்கு எளிது: மூன்று முறை திரும்பிப் போகக்கூடிய கடையில் வாங்குங்கள். இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிற அரியலூர் சரி. திருச்சி, பெரம்பலூருக்கு அடிக்கடி வேலையாகப் போகிறவர் என்றால் அதுவும் சரி. படிக்கும் கண்ணாடியை ஆன்லைனில் வாங்கலாம், புரோகிரசிவை வாங்க வேண்டாம். கடையில் முதலில் பிரேமைத் தேர்ந்தெடுத்து, அதை உங்கள் மூக்குக்கும் காதுக்கும் வளைத்துச் சரிசெய்த பிறகுதான் உயரம் அளக்க வேண்டும். மாட்டிய பிரேமின் மாதிரி லென்ஸ் மேல் கருவிழிக்கு நேராகப் புள்ளி வைக்காத கடையில் காசு கொடுக்காதீர்கள். பிரேம் லென்ஸின் உயரம் 30 மில்லிமீட்டராவது இருக்கட்டும். கீற்று மாதிரி குட்டையான பிரேமில் பாதை இறங்க இடம் இருக்காது. ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பல கம்பெனிகள் மாற்றித் தருகின்றன, கேட்கிறவருக்கு. பில்லில் லென்ஸின் முழுப்பெயர், இரு கண் அளவு, கோட்டிங் எல்லாம் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பவர் கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அதையும் பாருங்கள். தகராறு முற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

நீல ஒளி கோட்டிங் என்று தனியாகக் காசு கேட்பார்கள். 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2023-ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கை, கண் களைப்புக்கு அதனால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்றது. அந்தக் காசைச் சேமிக்கலாம்.

பவர் சீட்டை மட்டும் கடையில் எழுதி வாங்காதீர்கள். கம்ப்யூட்டர் காட்டுவது தொடக்க எண்தான். நாற்பதுக்கு மேல் கண் டாக்டரிடம் போய் கண் அழுத்தமும் விழித்திரையும் பார்த்துவிடுவது நல்லது. சர்க்கரை ஏறி இறங்கும் வாரத்தில் பவர் பார்த்தால், கட்டுக்குள் வந்ததும் அந்தப் பவர் தப்பாகிவிடும்.

எல்லாருக்கும் புரோகிரசிவ் தேவையுமில்லை. முந்திரிப் பருப்பு தரம் பிரிக்கிறவருக்கும் தையல்காரருக்கும் சாதாரணப் படிக்கும் கண்ணாடி போதும். அசாமில் நாற்பது வயது தாண்டிய தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கண்ணாடி இல்லாதவர்களை விட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகப் பறித்தார்கள். வரப்பில் நடக்கிற வயதானவர்களுக்கோ புரோகிரசிவ் கொஞ்சம் ஆபத்து, காலடியைப் படிக்கும் களம் வழியாகப் பார்க்க நேரும். வெளியே அதிகம் நடமாடும் முதியவர்கள் அங்கே தூரக் கண்ணாடி மட்டும் போட்டால் விழுவது குறைகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2010-இல் காட்டியது.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு எச்சரிக்கை, தூசு. சுண்ணாம்புக்கல் லாரி போகிற சாலையில் பைக் ஓட்டிவிட்டு வந்து கண்ணாடியைத் துண்டு நுனியால் துடைத்தால் கோட்டிங் உப்புத்தாள் தேய்த்த மாதிரி ஆகிவிடும். முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.

சித்தப்பாவின் கண்ணாடிக்கு அந்தப் பையன் மூக்குத் தாங்கியை வளைத்து இரண்டு மில்லிமீட்டர் தூக்கிக் கொடுத்தான், காசு வாங்கவில்லை. மோவாய் பாதி இறங்கியது. மீதிக்கு லென்ஸை அங்கேயே புதிதாகச் செய்தோம், இன்னொரு ஐயாயிரம். இப்போது பேங்குக்கும் பேப்பருக்கும் அது. முந்திரிக் காட்டுக்குப் போகும்போது பழைய தூரக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புதியதைப் பெட்டியில் போட்டு அலமாரியில் பூட்டிவிட்டுப் போகிறார்.