கரண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

இங்கிலாந்தில் செய்த பழைய வெள்ளிக் கரண்டி ஒன்று கைக்கு வந்தால், முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். காம்பின் பின்புறம் கடுகளவு முத்திரைகள் நாலைந்து வரிசையாகக் குத்தியிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் போதும், கரண்டி எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் பட்டறையில் பிறந்தது என்று படித்துவிடலாம்.

நடக்கும் சிங்கம் தெரிந்தால் அதில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மென்மையானது. செம்பு சேர்ந்தால்தான் வளையாமல் நிற்கும். லண்டனில் 1544 முதல் இந்தச் சிங்கத்தைக் குத்துகிறார்கள். சிறுத்தைத் தலை லண்டனுக்கு, நங்கூரம் பர்மிங்காமுக்கு. ஆண்டைச் சொல்வது ஓர் ஒற்றை எழுத்து. லண்டனில் 1974 வரை இருபது எழுத்து முடிந்ததும் மறுபடி முதல் எழுத்துக்கே திரும்பினார்கள். எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றிய கட்டமும் மட்டும் மாறின. அதனால் எழுத்தை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. பக்கத்தில் அரசர் தலை இருக்கிறதா என்று பாருங்கள். அது வரி கட்டியதற்கான அடையாளம், 1784 முதல் 1890 வரை இருந்தது.

கடைசியாகச் செய்தவரின் முத்திரை. சாய்ந்த கையெழுத்துப் பாணியில் 'எச்.பி.' என்று இருந்தால் மனம் துள்ளும். கணவர் இறந்தபின் பட்டறையை ஏற்று, 1761-இல் தன் முத்திரையைப் பதிவு செய்த ஹெஸ்டர் பேட்மேனுடையது அது. 1790 வரை அவர் பெயரில் வேலை நடந்தது. அதே எடையுள்ள வேறொரு கரண்டியைவிட அவருடையதற்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகவே கொடுப்பார்கள்.

'இ.பி.என்.எஸ்.' என்ற நான்கு எழுத்தைத் தனித்தனிக் கட்டத்தில் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. அது மின்முலாம். பெயரில் 'நிக்கல் சில்வர்' என்று இருந்தாலும் உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி மேல்பூச்சு மட்டுமே.

முத்திரை சரியாக இருந்தாலும் உடலைப் பார்க்க வேண்டும். வலக்கைக்காரர்கள் பல்லாண்டு புழங்கிய கரண்டியின் நுனி இடப்பக்கம் தேய்ந்திருக்கும். வாயால் ஊதி ஆவி படியவிட்டால் பழைய பற்றவைப்பும், சுரண்டி எடுத்த பெயரெழுத்துகளின் தடமும் தெரியும். மூன்று பல் முள்கரண்டி அரிது என்பதால் சாதாரணக் கரண்டியை வெட்டி அப்படி மாற்றியவர்களும் உண்டு. விக்டோரியா காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் வெறுங்கரண்டிகள் மீது பழக்கொத்துகளை அடித்து அலங்கரித்தார்கள். பலருக்கு அது அழகு. எனக்கு, நல்ல கோட்டைக் கெடுத்த வேலையாகத்தான் படுகிறது.

எடைக்குப் போட்டு உருக்கினால் இத்தனையும் ஒரே கட்டியாகிவிடும். வீட்டில் இருப்பதை அப்படிக் கொடுக்குமுன் ஒருமுறை லென்ஸில் பாருங்கள்.

கறுத்திருந்தால் பதற வேண்டாம். காற்றிலும் முட்டையிலும் உள்ள கந்தகம் பட்டு உண்டாகும் வெள்ளி சல்பைடு அது. முட்டைக் கரண்டியின் குழிக்குத் தங்க முலாம் பூசியதும் இதனால்தான். மென்மையான துணியும் பொறுமையும் போதும். மெருகுச் சக்கரத்தில் கொடுத்தால் கருமையோடு முத்திரையின் விளிம்பும் போய்விடும்.