இறுகாத பிசின்



மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ அமைந்தது வாகரை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் வள்ளங்களையும் தோணிகளையும் வாரிக்கொண்டு போயிற்று. அவற்றுக்குப் பதிலாகக் கண்ணாடி இழைப் படகுகள் பல வந்து சேர்ந்தன. அக்காலத்தில் இலங்கையில் அவசரமாகக் கட்டப்பட்ட படகுகளுட் சில கடலுக்கேற்ற தரமுடையன அல்ல என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் எச்சரித்தது.

மரவள்ளம் பழுதுபட்டால் தச்சரை அழைப்போம். இழைப் படகில் வெடிப்பு உண்டானாலோ, படகுக்காரர் தாமே கண்ணாடி இழைப் பாயை வெட்டி வைத்துப் பிசின் பூசிவிடுகின்றார். பூசி மூன்று நாளாகியும் அது விரலில் ஒட்டினால் என் செய்வது? இதனையே இன்று ஆராய்வோம்.

முதற்கண் ஓர் உண்மையை அறிதல் வேண்டும். சாயம் காய்வது போலப் பிசின் காய்வதில்லை. பால் தயிராவது போல உறைகின்றது. எருமைத் தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பாருக்கு இது விளங்காததன்று. பாலுக்கு உறைமோர் எப்படியோ, பொலியெஸ்டர் பிசினுக்கு ஊக்கி அப்படி. எனினும் ஒரு வேற்றுமை உண்டு. உறைமோர் குறைந்தால் தயிர் தாமதித்தேனும் உறையும். ஊக்கி குறைந்தாலோ, நாள் பல சென்றாலும் பிசின் முற்றாக இறுகாது.

ஒட்டும் பிசினில் இருவகை உண்டு. அசற்றோன் தோய்த்த துணியால் மேற்பரப்பை நன்கு துடைத்து, அது உலர்ந்தபின் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாவிடின் குறை மேலே மட்டும் உள்ளது. பதிந்தால் குறை உள்ளே உள்ளது.

மேற்பரப்பு மட்டும் ஒட்டுவதற்குக் காரணம் காற்றிலுள்ள ஒட்சிசன். அது பிசினின் மேற்றோல் இறுகுவதைத் தடுக்கின்றது. பாய் அடுக்குவதற்கான பிசினுக்கு இஃது இயல்பே. அடுத்த அடுக்கு நன்கு பற்றிக்கொள்ள உதவுவதுமாகும். இறுதிப் பூச்சுக்கு மட்டும் மெழுகு கலந்த பிசினைப் பயன்படுத்தினால், மெழுகு மேலே மிதந்து காற்றை மறைத்துவிடும்.

உள்ளே மென்மையாயிருப்பதே அஞ்சத்தக்கது. ஊக்கி குறைந்திருக்கலாம், வாளியின் மூலைகளிற் கலவாதிருந்திருக்கலாம், வெயிலிற் பல மாதம் கிடந்த பழம் பிசினாயிருக்கலாம், இளக்குவதற்காக அசற்றோன் ஊற்றப்பட்டிருக்கலாம். மாரியில் வாடைக்காற்றோடு வரும் ஈரம் இழைப் பாயில் ஏறியிருக்கவும் கூடும்.

இதற்குப் பரிகாரம் யாது? ஓரிரு நாள் நல்ல வெயிலிற் படகைக் கிடத்துங்கள். அதன் பின்னும் நகம் பதியுமாயின், அப்பகுதியை உறுதியான அடித்தளம் தெரியும்வரை சுரண்டியெடுத்து, தேய்த்துத் துடைத்து, புதிதாகப் பூசுதலே வழி. மென்மையின்மேல் இன்னோர் அடுக்கிட்டு மூடுவது புண்ணை மூடித் தைப்பதை ஒக்கும். வெளியே பளபளக்கும்; இயந்திரம் அதிர்ந்து அலை மோதும்போது அடுக்குகள் பிரிந்து, கரைக்கு வெகுதூரத்தில் நீர் உட்புகும்.

வருமுன் காத்தல் எளிது. ஒரு கிலோ பிசினுக்கு ஊக்கி பொதுவாக 10 முதல் 20 கிராம் வரை. கண்மதிப்பை விட்டு, அளந்தே இடுங்கள். வேலைக்கு முன் ஒரு கோப்பையில் 100 கிராம் பிசினுடன் 1 அல்லது 2 கிராம் ஊக்கி கலந்து பாருங்கள். அரைமணி நேரமளவில் அது கூழாகிச் சூடேறி இறுகுமாயின் பிசின் நல்லது. கச்சான் காற்று வீசும் வெங்கோடையில் மிக விரைவாக உறையும். ஆதலாற் சிறிது சிறிதாகக் கலந்து, நிழலிற் காலை வேளையிற் பூசுங்கள். மாரியிற் கூரையின் கீழ், உலர்ந்த பாயைக்கொண்டே வேலை செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஊக்கி கண்ணிற் பட்டாற் பார்வையே போகலாம். உடனே 15 நிமிடமேனும் நீரால் இடைவிடாது கழுவி, வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். விரைவூக்கியாகிய கோபால்ட் கரைசலை ஊக்கியுடன் நேரே கலத்தலாகாது. அது வெடித்துத் தீப்பற்றும். பிசினுடன் ஒன்றை முற்றாகக் கலந்த பின்னரே மற்றதைச் சேர்க்கவேண்டும்.

கதிரவெளியிலிருந்தாயினும் பனிச்சங்கேணியிலிருந்தாயினும், இரவிற் கடலுக்குப் போகும் படகு விடியலிற் கரை சேரவேண்டும். ஒருநாட் பிழைப்புப் போனாலும் போகட்டும். நகம் பதியும் படகை நீரில் இறக்காதீர்கள்.