மூளைக்குள் ஒரு கடைவாய்ப் பல்!
சொந்தத்தில் மணம் முடிப்பவர்கள் அறிய வேண்டிய அபூர்வ நோய்

"மாமன் மகள் இருக்கும்போது வெளியில் பெண் தேடுவதா?"

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பல வீடுகளில் இன்றும் கேட்கும் பேச்சு இது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 28 பேர் இரத்த உறவில் வாழ்க்கைப்பட்டவர்கள்.

சொந்தம் விட்டுப் போகாது. சொத்தும் வெளியே போகாது. ஆனால் சில குடும்பங்களில் நோயும் சேர்ந்தே வந்துவிடுகிறது! அவற்றில் ஒன்றுதான் ஜூபேர் நோய்.

1969-ல் கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகரில், மேரி ஜூபேர் என்ற பெண் டாக்டரும் அவருடைய சகாக்களும் ஒரே வயிற்றில் பிறந்த நான்கு குழந்தைகளிடம் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். நால்வருக்கும் சிறுமூளையின் நடுப்பகுதி சரியாக வளரவில்லை.

அடையாளம் என்ன?

குழந்தை துணிபோலத் துவண்டு கிடக்கும். ஓடி வந்ததுபோல் வேகமாக மூச்சு வாங்கும். சில சமயம் மூச்சு சற்றே நின்று பிறகு வரும். கண்கள் நிலையாக நில்லாமல் அலையும். தலை நிற்பது, உட்காருவது, நடப்பது எல்லாம் தாமதமாகும்.

எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால், மூளையின் ஒரு பகுதி கடைவாய்ப் பல் வடிவில் தெரியும். இதுவே டாக்டர்களுக்கு முக்கியத் துப்பு.

யார் குற்றம்?

யார் குற்றமும் இல்லை! நம் ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாய் தந்தது; மற்றது தந்தை தந்தது. ஒன்றில் மட்டும் பழுதிருந்தால் நோய் வராது. பெரும்பாலும், இரண்டிலும் பழுது இருந்தால்தான் வரும். ஒரே தாத்தா பாட்டியின் வழி வந்தவர்களிடம் ஒரே பழுது இருக்கக்கூடும். அத்தகைய தம்பதிக்கு ஒவ்வொரு பேறுகாலத்திலும் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டு.

ஆகவே, "இவள் வயிற்றுக் கோளாறு" என்று மருமகளைப் பழிப்பது அநியாயம். பழுதில் தந்தைக்கும் சரிபாதி உண்டு.

என்ன செய்யலாம்?

அடியோடு குணப்படுத்த மருந்தில்லை. ஆனால் கைவிட வேண்டாம். மூச்சுக் கோளாறு பெரும்பாலும் வயதோடு குறையும். உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தந்தால் பல குழந்தைகள் நடக்கவும் பேசவும் கற்கிறார்கள். கண், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றை அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் 2013 முதல் உண்டு. திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் இருக்கிறது. மரபணுப் பரிசோதனையில் பழுது இன்னதென்று தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தை ஆரம்ப மாதங்களிலேயே சோதித்து அறியலாம்.

ஜாதகம் பார்க்கிறோம்; பொருத்தம் பார்க்கிறோம். குடும்பத்தில் இப்படிப் பிறந்த குழந்தை உண்டா என்றும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?