ஆட்டுக்கு எந்தக் காய்ந்த தீவனம்?

கோடையில் புல் இருக்காது. அடைமழையில் ஆட்டை வெளியே விட முடியாது. அப்போது காய்ந்த தீவனம்தான் கைகொடுக்கும்.

வைக்கோல் போதாதா? போதாது. மாடு தின்னும். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். வைக்கோலில் சத்தும் குறைவு. நிலக்கடலைக் கொடியில் புரதம், அதாவது சதை வளர்க்கும் சத்து, வைக்கோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் உண்டு. காய்ந்த உளுந்துச் செடி, தட்டைப்பயற்றுக் கொடியும் நல்லவை. சினை ஆட்டுக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் முதலில் இவற்றைக் கொடுங்கள். 20 கிலோ எடையுள்ள ஆடு நாள் ஒன்றுக்கு முக்கால் கிலோ வரை தின்னும். அதைக் கணக்கிட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது கட்டைப் பிரித்துப் பாருங்கள். மேலே நன்றாக இருக்கும். உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கும். கையை உள்ளே விடுங்கள். சூடாக இருந்தால் சரியாகக் காயவில்லை என்று பொருள். மக்கிய வாடை அடித்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பூஞ்சணம் ஆட்டின் ஈரலைக் கெடுக்கும். சினை கலையவும் கூடும். இலை நிறைய இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆடு இலையைத்தான் பொறுக்கித் தின்னும். வெறும் தண்டுக்கு ஏன் பணம்?

தரையில் போடாதீர்கள். மூத்திரம் பட்டதை ஆடு தொடாது. கட்டித் தொங்கவிடுங்கள். புதுத் தீவனத்துக்கு ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெடும். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.