ஆறு மணி நேரத்தில் பாதியாகும் சரக்கு

மீன் வியாபாரிக்கு ஐஸ் உண்டு, பழ வியாபாரிக்குக் குளிரறை உண்டு. எதில் வைத்தாலும் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும் சரக்கை யார் வாங்குவார்? ஆஸ்பத்திரிகள் வாங்குகின்றன. அதுதான் டெக்னீசியம்-99எம்.

அணு மருத்துவத்தில் இதை நரம்பில் ஏற்றி, எலும்பு, இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றைக் காமா கேமராவால் படம் பிடிக்கிறார்கள். இதன் தாய்ப்பொருளான மொலிப்டினம்-99 கூட 66 மணி நேரத்தில் பாதியாகும். அதைத் தயாரிக்கும் அணு உலை இலங்கையில் இல்லை, இறக்குமதிதான். 2009இல் கனடாவின் சோக் ரிவர் உலை பழுதாகி நின்றபோது உலகமே தட்டுப்பாட்டைக் கண்டது.

இப்படிப்பட்ட சரக்கை நேரம் பார்த்து, அளவு பார்த்து, நோயாளியையும் தன்னையும் கதிர்வீச்சிலிருந்து காத்துக் கையாளப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அவரே அணு மருத்துவத் தொழில்நுட்பவியலாளர்.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வியாபாரிகள் இதைக் கவனிக்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கதிர்ப்படவியல் பட்டப்படிப்பு உண்டு. அங்கு மருத்துவ பீடத்தில் அணு மருத்துவப் பிரிவும் இருக்கிறது. இந்தியாவில் வேலூர், மணிப்பால் போன்ற இடங்களில் இதற்கென்றே பட்டப்படிப்பு நடக்கிறது. ஆனால் அட்வான்ஸ் கட்டுமுன் அந்தப் பட்டத்துக்கு இங்கே பதிவு கிடைக்குமா என்று இலங்கை மருத்துவச் சபையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் சரக்கெடுப்போமா?

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக 2011இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டினார்கள். கட்டடத்தைக் காசு கட்டிவிடும். அதற்குள் நின்று வேலை செய்யும் கைகளை நம் வீடுகள்தான் அனுப்பவேண்டும்.